லிஃப்டக்காவுக்கு ஒரு மடக்குக் கணினி வேண்டும்

இன்று ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பதினேழு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் கீழே உள்ள குழியில்தான் அவரைச் சந்தித்தேன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். காவலாளிகள் 'லிஃப்டக்கா' என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் திறந்த மூல மென்பொருள் குழுவுக்குப் போன வருடம் அவர் எழுதிய கடிதம் நாலே வரி. "உள்ளங்கையில அடங்குற மடக்குக் கம்ப்யூட்டர் மறுபடி யாராவது செய்வீங்களா? நிஜ பட்டன் வேணும். உள்ள இருக்கறத யாரும் பூட்டக் கூடாது. என்னுது இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் அவருடைய பழைய கருவி. திறந்தால் மேலே சாம்பல் திரை, கீழே பட்டாணி அளவு பட்டன்கள். பத்தொன்பது வருடக் குறிப்புகள் அதில் இருக்கின்றன: எந்தக் கதவு எந்த மாடியில் முனகும், எந்தக் கயிறு எப்போது மாற்றியது, எல்லாம்.

"போன்ல எழுதலாமேக்கா?"

முழங்கை வரை கிரீஸ் அப்பிய கையை நீட்டினார். "குடு, உன் போன்லயே எழுதிக் காட்டுறேன்."

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கண்ணு கயித்து மேல இருக்கணும்பா. பட்டன்னா விரலே பாத்துக்கும்."

கருவி ஏன் படுத்தது? லிஃப்ட்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கீல் கிறீச்சிட்டது, கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவதுதானே அவர் பிழைப்பு? விட்டார். ஆனால் அந்தக் கீலின் இறுக்கம்தான் மூடியை நிறுத்தி வைத்திருந்தது. எண்ணெய் பட்டதும் மூடி தொப்பென்று பின்னால் சாயத் தொடங்கியது. ஒவ்வொரு சாய்வுக்கும் உள்ளே போகும் மெல்லிய நாடாக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. இப்போது திரையில் ஆறு வரிதான் தெரிகிறது. கம்பெனி மூடிப் பல வருடம். உதிரிப் பாகமும் இல்லை, மென்பொருளைப் பூட்டிவிட்டதால் குறிப்புகளை வெளியே எடுக்க வழியும் இல்லை.

"எழுதினது நானு. சாவி மட்டும் கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போய்ட்டான்."

தெரிகிற ஆறு வரியை நகர்த்தி நகர்த்தி, தையல்கடைக்காரரான அவர் கணவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டார்.

"அப்ப பிரச்சினை தீந்துச்சே?"

"அவர் கையெழுத்த அவரத் தவிர எவனும் படிக்க முடியாது. குழிக்குள்ள அவரையும் தூக்கிட்டு எறங்கவா?"

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் செய்த மாதிரிக் கணினியைப் பெருமையாக நீட்டினேன். மென்பொருள் முழுக்கத் திறந்த மூலம், நாளை நாங்கள் இல்லாவிட்டாலும் யாரும் திருத்தலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. திரும்பத் திரும்பத் திறந்தார், மூடினார், வாய்க்குள் எண்ணினார். நூற்று நாற்பதாவது தடவை மூடி தொப்பென்று விழுந்தது.

"நிக்கலயே தம்பி."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் கருவிப் பையைத் துழாவி, வளைந்த சின்ன வாஷர் ஒன்றை எடுத்துக் கீலுக்குள் நுழைத்து முடுக்கினார். மறுபடி எண்ணினார். ஐநூறிலும் மூடி நின்றது! பிறகு கையைத் துடைத்து, கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் இரண்டு கட்டைவிரலால் தட்டினார். எட்டிப் பார்த்தேன்: 'ஒன்பதாம் மாடி, இடது கதவு, முனகல்.' ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பட்டன் பலகை செய்யும் பட்டறை, நூறு பேர் கேட்டால்தான் அச்சு வார்ப்பேன் என்கிறது. இதுவரை அறுபத்தொரு பேர். இருப்பதோ இந்த ஒரே ஒரு மாதிரிக் கணினி. "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என் கையில் திணித்தார்.

"இது எங்கிட்ட இருந்தா நூறு பேரு எதத் தட்டிப் பாப்பாங்க? எடுத்துட்டுப் போ. என்னோட ஆறு வரி தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நம்ம ஊர் நூலகத்துக் கீழ்த்தளத்தில் அந்த மாதிரிக் கணினி மேசை மேல் இருக்கும். வாங்க, நாலு வார்த்தை தட்டிப் பாருங்க. பிடித்தால் பேர் எழுதுங்க. வர முடியாதவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்க. இன்னும் முப்பத்தொன்பது பேர்தான்.