தட்டிக் கேட்கிற வேலை

என் தங்கையின் புருஷன் தினமும் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பொன்மொழி போடுவான். மேலே சூரியன் உதிக்கும், தாமரை பூத்திருக்கும். கீழே கோபத்தை அடக்குவது எப்படி, இல்லறம் இனிப்பது எப்படி, கஷ்டம் வந்தால் சிரித்துக்கொண்டே தாண்டுவது எப்படி என்று ஏதாவது எழுதியிருக்கும். அப்பா உடனே கை கூப்பிய பொம்மையைப் பதிலாக அனுப்புவார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு ஞானம் பார் என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஞானி என் தங்கையை அடிக்கிறான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கம்மாபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வெளியே பார்த்தால் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். தங்கை உதடு வீங்கி வருவாள், கை கன்றி வருவாள். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டு, கறிக்குழம்பு வைத்துக் கொடுத்து, எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று சொல்லித் திரும்ப பஸ் ஏற்றிவிடுவாள். கடைசியாக வந்தபோது மட்டும் தங்கை பஸ் ஏறவில்லை. யாரிடமும் பேசாமல் மூலையில் சுருண்டு கிடந்தாள். நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளை என்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிறோம். சூளையிலிருந்து வந்த உருப்படியை இடது கையில் எடுத்து, காதோரம் பிடித்து, வலது கையில் இருக்கிற குச்சியால் தட்ட வேண்டும். நல்லதாக இருந்தால் ணங் என்று பாடும். உள்ளே மயிரளவு விரிசல் இருந்தாலும் டொக் என்று செத்த சத்தம் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஊரில் தட்டிக் கேட்பது என்றால் நியாயம் கேட்பது. எங்களுக்கு அது சம்பள வேலை.

மதியத்துக்குள் தங்கை ஒரு தட்டு நிறைய நல்லது என்று எடுத்து அடுக்கியிருந்தாள். நான் சும்மா ஒன்றை எடுத்துத் தட்டினேன். டொக். அடுத்ததும் டொக். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. உன் நினைப்பெல்லாம் எங்கே மேயப் போயிருக்கிறது என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அரவை மெஷின் ஓடுகிற இரைச்சலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. நான் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தேன்.

ஏதோ உறைத்தது. ஒரு விரிசல் உருப்படியை அவளுடைய வலது காதருகே பிடித்துத் தட்டினேன். "இது ஒடஞ்சிருக்குதுக்கா" என்றாள். அதையே இடது காதருகே கொண்டுபோய்த் தட்டினேன். தட்டினேன், தட்டினேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலதுகைக்காரன் எதிரே நின்று அறைந்தால் அறை விழுகிற இடம் இடது காது. பின்கட்டில் வேலையாக இருந்தபோது அவன் கூப்பிட்டிருக்கிறான், இவள் வரத் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு ரத்தம் வந்ததாம், அப்புறம் சீழ் வந்ததாம், அப்புறம் ஒன்றுமே வரவில்லையாம், சத்தமும்.

கழித்துப்போட்ட பீங்கான் குவியல் சுவரோரம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தேன். சில்லு தெறித்துக் கை கிழிந்தது. அவனுடைய மண்டையை நினைத்துத்தான் அடித்தேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தங்கை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லிவிடாதே, ஊனமான பெண் என்று அதற்கும் என்னைத்தான் பேசுவார்கள் என்று அழுதாள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தன் பெரியப்பாவோடு அவளைக் கூட்டிப்போக வந்தான். அம்மா வடை சுட்டாள். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாழ்க்கை என்றால் மேடு பள்ளம் இருக்கும், பெண் என்றால் பூமி மாதிரி பொறுத்துப்போக வேண்டும் என்று ஆரம்பித்தார். அப்பா ஆமாம் போட்டார். காலகாலமாக எல்லோரும் வாழ்ந்த வழி இதுதான் என்றார்கள். அந்த வழியில் போனவர்களில் எத்தனை பேர் கிணற்றில் கிடந்தார்கள் என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "கோவத்துல லேசா ஒரு தட்டு தட்டிட்டேன் மாமா. அதுக்குப் போயி இவ்ளோ பெருசு பண்றாங்க."

லேசாகத் தட்டுவது எப்படி என்று எனக்கு ஒருத்தன் சொல்கிறான். எழுந்தது தெரியாது. என் கை அவன் கன்னத்தில் இறங்கியது, நாற்காலியோடு சாய்ந்தான். "அந்தத் தட்டுல அவளுக்குக் காது போயிடுச்சுடா" என்று கத்தினேன். அவன் எழுந்து என் கூந்தலைச் சுற்றிப் பிடித்துக் கதவு நிலையில் என் தலையை மோதினான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அப்பா ஓடிவந்து பிடித்தார். என்னைத்தான் பிடித்தார், அவனை அல்ல. இவள் எப்போதும் இப்படித்தான், ஒன்றைப் பத்தாக்குவாள் என்று பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா தங்கையின் துணிப்பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை என் முன்னால் மண்டியிட்டு முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவளுடைய இடது பக்கம் வந்து நின்று, கெளம்பு என்றான். அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அவள் முந்தானையை மடித்து மறுபடி அழுத்தினாள்.

"ஏய், காது கேக்கலையா?" என்று கையை ஓங்கினான்.

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பெரியப்பா வடையைத் தட்டில் வைத்தார். எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் தங்கை திரும்பினாள், அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். வலது காதை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "வரலை. இதையும் அடிச்சு ஒடச்சாலும் வரலை" என்றாள்.

அவன் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டியில் போன சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்பா என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார். இடது காதை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அழுதார். பிறகு வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்று, இவ்வளவு நடந்திருக்கிறதே, எங்களிடம் ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டார்.

தங்கை அவரையும், அடுப்படி வாசலில் நின்ற அம்மாவையும், என்னையும் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக்கிட்டுதாம்ப்பா இருக்கேன். ஒங்க எல்லாருக்கும் ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்குது."