கோப்பி கற்றுக்கொண்ட மலாய்

ஈரமான செய்தித்தாளின் வாடை எங்கே அடித்தாலும், தெம்பனிஸ் வீட்டுக்குக் குடிபோன புதிதில் நாங்கள் பட்ட பாடுதான் எனக்கு நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம் அது. ஃபேரர் பார்க் பக்கத்து வாடகை வீட்டை விட்டு மூன்றாம் மாடி அடுக்குவீட்டுக்கு மாறியபோது, கட்டில், பீரோ, மாதா படம் ஆகியவற்றோடு எங்கள் குட்டை நாயும் லாரியில் ஏறி வந்தது. அதன் நிறத்தைப் பார்த்து, காப்பியை இந்த ஊரில் சொல்கிறபடி "கோப்பி" என்று அப்பா பெயர் வைத்திருந்தார். பின்சந்தில் பிறந்து பின்சந்திலேயே வளர்ந்த அதற்கு, கூரைக்குக் கீழே எப்படி இருப்பது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வழவழப்பான புதுத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடி, நினைத்த மூலையில் காலைத் தூக்கியது. மாதா படம் வைத்திருந்த மேசையையும் அது விட்டுவைக்கவில்லை.

அம்மா அன்றே சொல்லிவிட்டார். "ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள இது ஒழுங்கா இருக்கணும். இல்லன்னா பாசிர் ரிஸ்ல மாமாவோட கோழிப்பண்ணைக்குப் போயிடும்." பண்ணையில் நாய்களை இரவும் பகலும் சங்கிலியில் கட்டிவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பேருந்து ஓட்டுநரான அப்பா வேலைக்குப் போகுமுன் அதைக் கீழே அழைத்துப்போய், ஒரே புல்தரையில், ஒரே மரத்தடியில் நிறுத்துவார். மற்ற வேளைகளில் அது என் பொறுப்பு. அவசரத்துக்குச் சமையலறையில் செய்தித்தாளை விரித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தோம். ஒருமுறை அம்மா செருப்பை ஓங்கியபோது அப்பா குறுக்கே வந்தார். "அடிச்சா பயம்தான் வரும், பழக்கம் வராது."

வீட்டுக்குள் அது ஒருவாறு பழகிவிட்டது. வெளித் தாழ்வாரம்தான் சிக்கலாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். நாங்கள் அவரை "மக்சிக்" என்று கூப்பிடுவோம். மலாயில் அது அத்தை, சித்தி எல்லாருக்கும் பொதுவான சொல். நாயின் ஈரமூக்கு பட்டால் அவர் மார்க்கப்படி மண்ணும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கோப்பியோ ஆளைக் கண்டால் பாய்ந்து நக்கும். படிக்கட்டுக்குப் போக அவர் எங்கள் வாசலைக் கடந்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார். முகம் சுளித்ததில்லை, யாரிடமும் புகார் சொன்னதில்லை. அதுதான் அம்மாவை மிகவும் உறுத்தியது.

அம்மாதான் அந்த வழியைக் கண்டுபிடித்தார். "உட்காரு" என்று நான் பழக்கிக்கொண்டிருந்ததை நிறுத்தி, உட்கார் என்பதற்கு மலாயில் உள்ள "டுடோக்" என்ற சொல்லையே சொல்லச் சொன்னார். "நம்ம சொன்னா மட்டும் கேட்டா பத்தாதுலா. அவங்க சொன்னாலும் கேக்கணும்." நெத்திலிக் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் "டுடோக், டுடோக்" என்று கத்துவது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

லீவு முடியவிருந்த ஒரு மாலை, காற்றில் எங்கள் இரும்புக் கதவு திறந்துகொள்ள, கோப்பி வெளியே பாய்ந்தது. எதிரே, வெள்ளைத் தொழுகை உடையில், கையில் பலகாரத் தட்டோடு மக்சிக். நான் வாசலுக்கு ஓடிவருவதற்குள் அவர் தட்டை உயரத் தூக்கிக்கொண்டு, "டுடோக்!" என்றார்.

கோப்பி சறுக்கிக்கொண்டே போய், அவர் உடையின் ஓரத்தைத் தொடாமல் உட்கார்ந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

மக்சிக் தட்டை இறக்கினார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்து, "பாண்டாய், பாண்டாய்" என்று அதன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார். ஓடிவந்த அம்மாவிடம், "என் பிள்ளைங்ககூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று மலாயில் சொல்லி, பலகாரத்தில் பாதியை எங்கள் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மா பாசிர் ரிஸ் பேச்சை எடுக்கவேயில்லை.

நான் பள்ளி முடித்துத் தொடக்கக் கல்லூரியில் படித்தபோது கோப்பி இறந்தது. ஒருநாளும் அதைத் தொடாத மக்சிக் தம் வாசலில் நின்று, "காசிஹான், பாவம்" என்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு துக்கத்துக்காக அதே அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். மக்சிக் குடும்பம் எப்போதோ வீடு மாறிவிட்டது; எங்கள் வீட்டிலும் வேறு யாரோ. அந்த நாளில் மாலையானால் திறந்தே கிடந்த கதவுகள் எல்லாம் இப்போது குளிர்சாதனத்துக்காக இறுகச் சாத்தியிருந்தன. ஏதோ ஒரு வீட்டுக்குள் நாய் ஒன்று விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் சற்று நேரம் நின்று பார்த்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.