ஞாயிற்றுக்கிழமை மேடம், செவ்வாய்க்கிழமை அக்கா

பிள்ளை பெறப் போகிறவர்களுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பது என் தொழில், "பொறந்ததுலருந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம், இதுக்கு ஒரு டீச்சரா?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த வட்டாரத்தில் பாக்கியில்லை.

நான் பழைய நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்தில் ஒரு கிளினிக் மாடியில் கட்டண வகுப்பு. ஏ.சி., மெத்தைப் பாய், உட்கார்ந்து ஆட ஒரு பெரிய ரப்பர் பந்து, கடைசி நாளில் சர்டிபிகேட். அங்கே நான் மேடம். செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் இலவச வகுப்பு, மாசச் செக்கப்புக்கு வரும் பெண்களுக்கு. ஒரு ஜமுக்காளம், ஒரு ஃபேன், என் தொண்டை. அங்கே நான் அக்கா.

பாடம் ஒன்றுதான், வாயும் ஒன்றுதான். ஆனால் எதில் சேரலாம் என்று கேட்டு என் உயிரை வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர். கூட்டத்துக்கு முன்னால் நின்று தொண்டை வற்றப் பேசிப் பிழைக்கிற யாராக இருந்தாலும் நீங்கள் என் இனம். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எதில் வலி கம்மி?

முருகேசன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஐந்து மாசக் கர்ப்பிணியான மனைவி ஜெயாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக் மாடிக்கு வந்தார். இலவச வகுப்பும் உண்டு, அதே பாடம்தான் என்று நான் உள்ளதைச் சொன்னேன். சும்மா கிடைப்பதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவர் ஃபாரம் நிரப்பப் போனதும் ஜெயா மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அக்கா முதல் பிரசவத்தில் ரெண்டு நாள் கத்தியதை இவள் வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பயம். டாக்டர் எல்லாம் நல்லா இருக்கு, சுகப்பிரசவம் ஆகும் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் வலி எடுத்ததும் ஆபரேஷன் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவதாக முடிவு பண்ணியிருந்தாள். "வலியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் மேடம். அந்நேரம் இவுக எங்கூட இருப்பாகளான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்? முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஃபாரத்தோடு திரும்பி வந்த முருகேசனுக்கு வேறொரு சந்தேகம்: "மேடம், காசு கட்டுற வகுப்புல வலி கம்மியா இருக்கும்ல?"

தலையணையோடு ஒருவர்

கட்டண வகுப்பை ஜோடி வகுப்பு என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். நம்ம ஊரில் ஜோடி எத்தனை நாளைக்கு? ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாதிப் பாடத்தில் என் வகுப்பும் பாதியாகிவிடும். ஜெயாவுக்கும் அதேதான். கை நிறைய வளையலோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு முருகேசன் தனியாக வந்தார். தனியாக என்றா சொன்னேன்? கக்கத்தில் ஒரு தலையணை, அதற்கு ஜெயாவின் பழைய சேலைத் துணியில் உறை. மற்ற ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. தலையணைக்கு முதுகு நீவிவிட்டார். நாலு எண்ணி மூச்சை இழுக்கவும் ஆறு எண்ணி விடவும் அதற்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளையைத் தூக்கும் பாடம் வந்ததும் அதே தலையணை பிள்ளையாகிவிட்டது. கழுத்துக்கு அடியில் கை, பின்பக்கம் கை என்று மிஷினுக்கு பேரிங் மாட்டுகிற கவனத்தோடு பத்து தடவை தூக்கி இறக்கினார்.

என்னய்யா இது என்று கேட்டேன். "கட்டின பீஸைத் திருப்பித் தர மாட்டீகள்ல மேடம்? அப்ப பாடத்தை நான் வாங்கிட்டுப் போறேன், பொறவு அவளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."

சாமி வாங்காத பீஸ்

ஜெயாவை அவள் அம்மா செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் ரப்பர் பந்தில் உட்கார்ந்தவளுக்கு ஜமுக்காளத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இங்கயும் நீங்கதானா?" என்று என்னை வேறு ஏமாற்றத்தோடு பார்த்தாள். ஓசிப் பாடம் எப்படி இருக்குமோ என்று அம்மாவின் காதில் முனகினாள்.

அம்மா குரலைத் தாழ்த்துகிற ரகமில்லை. வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மடவார்வளாகத்துல, ஒரு பிள்ளத்தாச்சிக்குத் தாய்க்காரி வர நேரமாச்சுன்னு கோயில் சாமியே தாய் வேஷத்துல வந்து பிரசவம் பாத்துட்டுப் போனாரு. அவரு என்ன, பீஸ் கட்டுன ரசீதா கேட்டாரு?"

ஜைனம்பு போட்ட ரூட்

வலி வரும்போது நாலு எண்ணு, ஆறு எண்ணு என்பது ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் எடுபடும். செவ்வாய்க்கிழமை மூணு வரும்போதே யாராவது சிரித்துவிடுவார்கள், அப்புறம் மொத்த வராந்தாவும் சிரிக்கும். கத்திக் கத்தி நான் அலுத்துப்போய் உட்கார்ந்த ஒரு நாள், ஒன்பது மாச வயிற்றோடு ஜைனம்பு எழுந்தாள். அவள் வீட்டுக்காரர் ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டர்.

"நம்பர் வேணாங்கா. வலி வந்தா பஸ்ஸு ஒரு ஸ்டாப்புல நிக்குதுன்னு வச்சுக்கிடுவோம். ஸ்டாப்பு பேரை இழுத்துச் சொல்லி மூச்சை விடணும். ஆளு ஏறி இறங்குனதும் விசில், வலி போயிரும். அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் சாஞ்சு உக்காந்து வரலாம்" என்றாள். நான் இருபது வருஷமாகச் சொல்ல முயன்றதை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள் பாருங்கள்! பஞ்சு மார்க்கெட்டில் ஏறினோம். மில் கேட், மொட்டமலை, மடவார்வளாகம், பஸ் ஸ்டாண்ட் என்று வராந்தாவே கண்டக்டர் குரலில் இழுத்தது. எத்தனை ட்ரிப் அடிக்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எந்த ஸ்டாப்பிலும் பஸ் நின்றுகொண்டே இருக்காது என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

ஜெயா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் பயம் விடவில்லை: "இம்புட்டு ஸ்டாப்பு இருக்குன்னா, நான் எங்கயும் நிக்காத ஒன் டு ஒன் பஸ்ல ஏறி நேரா ஆபரேஷனுக்கே போயிருதேங்கா."

ரெண்டு சிலபஸ்

வந்தது வினை. முருகேசன் போனில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்கிறார். ஜெயா மில் கேட், மொட்டமலை என்கிறாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என் தலையில் விடிந்தது. "ஒரே டீச்சர், ரெண்டு சிலபஸா?" என்று ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் முன்னால் என்னை நிறுத்திக் கேட்டார்.

அந்த வாரமே ஷிஃப்டை மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். வராந்தாவில் பெண்களுக்கு மட்டும்தான் இடம். அதனால் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று, கட்டண வகுப்பில் நான் கொடுத்த பளபள நோட்டில் ஸ்டாப்பு பேரையெல்லாம் வரிசையாக எழுதினார். உள்ளே ஜெயா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். போகும்போது முதல்முறையாக மேடத்தை விட்டுவிட்டுச் சொன்னார்: "சர்டிபிகேட்டை அங்க வாங்கிக்கிடுதேன் அக்கா, பாடத்தை இங்க படிச்சுக்கிடுதேன்."

இன்னுமா மொட்டமலை?

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஜமுக்காளத்தை விரிப்பதற்குள் ஜெயாவின் அம்மா ஓடிவந்தார். விடியலிலிருந்து வலி. பிரசவ வார்டுக்குள் போனேன். ஜெயா என் கையை நெரித்துவிட்டாள். "ஸ்டாப்பெல்லாம் மறந்துபோச்சுக்கா! அவுகளும் இல்ல. ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க!" டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நல்லபடியாகப் போகிறது, பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அதை அவள் காதில் வாங்கினால்தானே?

முருகேசனுக்குப் போன் போட்டேன். "பஸ்ல வாரேங்கா, பஞ்சு மார்க்கெட் தாண்டிட்டேன்" என்றார். ஸ்பீக்கரில் போடலாமா என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேற யாரும் இல்ல, வச்சுக்கோங்க" என்றார். ஸ்பீக்கரைப் போட்டேன். அடுத்த வலி வந்தது. "ஜெயா, மில் கேட்டேய்ய்ய்!" என்று போனில் ஒரே இழுப்பு. ஜெயாவின் மூச்சு அதோடு சேர்ந்து வெளியே போனது. பின்னால் யாரோ, "எறங்கணுமாப்பா?" என்று கேட்டார்கள். "இல்லண்ணே, சம்சாரத்துக்கு வலி!"

அவ்வளவுதான். அடுத்த வலிக்கு மொத்த பஸ்ஸும் "மொட்டமலேய்ய்ய்!" என்றது. கண்டக்டர் விசில் வேறு. வார்டு சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் மொட்டமலையில் ரோட்டை மறித்து ஒரு கிடை ஆடு, பஸ் நகரவில்லை. இன்னொரு வலி வந்தது. போனில் மறுபடியும் மொட்டமலை. ஜெயா பொங்கிவிட்டாள். "இன்னுமா மொட்டமலையில நிக்கிறீக? அந்த டிரைவர்ட்ட போனைக் குடுங்க!" பயந்தவள் டிரைவரைத் திட்டமாட்டாள். இவள் ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்!

டிரைவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி முருகேசனை இறக்கிவிட்டார். பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று, "வந்துட்டேன் ஜெயா" என்றார். "அங்கனயே நில்லுங்க, போயிராதீக" என்றாள் அவள். அரை மணி நேரம் கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளுமாக இன்னும் ஒரு ட்ரிப் அடித்தார்கள். பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினால் புது அப்பாக்கள் பின்வாங்குவார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முருகேசன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கழுத்துக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை, அப்படியே நெஞ்சோடு. யாரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தியது, அவர் ஆரம்பித்தார்.

வார்டுக் கட்டிலில் படுத்தபடி ஜெயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "எனக்கு ஓசி வகுப்பே போதும்க்கா, இவுகளுக்குக் காசு கட்டினதுதான் நல்லதாப் போச்சு."

ஆகவே, இலவசமா கட்டணமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வதெல்லாம், எதில் வேண்டுமானாலும் சேருங்கள், ஆனால் வீட்டுக்காரரை மட்டும் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற பஸ்ஸில் வரச் சொல்லுங்கள் என்பதுதான்.