அருவித் தண்ணீர் ஒரு பாட்டில்

ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்துபோய், பசை மட்டும் பட்டையாக நிற்கும். கழுத்துவரைக்கும் தண்ணீர். கசியாமலிருக்க மூடிமேல் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டிருப்பார்கள். டூர் போய்த் திரும்பிய வேனிலிருந்து முதலில் இறங்குவது அந்தப் பாட்டில்தான். "இந்தாத்தா, ஒனக்குன்னு அருவித் தண்ணி கொண்டாந்தோம். தலையில தெளிச்சுக்க, நீயும் வந்த மாதிரிதான்" என்று சின்ன மாமா அதை அக்காவிடம் நீட்டுவார். அக்கா என்று நான் கூப்பிடுவது என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியை. சின்ன மாமா எங்கள் மாமனாரின் தம்பி. மாமனார் காலமான பிறகு பங்காளிகளுக்கெல்லாம் பெரிய தலை அவர்தான். அக்கா பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு வேனிலிருந்து இறங்கும் காலிப் பாத்திரங்களைக் கழுவப் போய்விடுவார்.

எங்கள் ஊர் இலுப்பூருக்குப் பக்கத்தில். எங்கள் பக்கம் அருவி என்று ஒன்று கிடையாது. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதுதான் எங்களுக்கு அருவி, அதுவும் எல்லா வருஷமும் பாயாது. அதனால் மேலேயிருந்து விழுகிற தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு வெறி. அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், வந்த வாரமே வேன் பேசிவிடுவார். போகிற வழியில் இரண்டு கோயில், ஒரு பூங்கா, கடைசியாக அருவி. பங்காளி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஏறுவோம். முன் சீட்டு சின்ன மாமாவுக்கு. டிரைவருக்கு வழி சொல்லவேண்டும் என்பார். டிரைவருக்கு வழி தெரியும் என்பது வேறு விஷயம்.

அக்கா அந்த வேனில் ஏறியதே இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து அவ்வளவு பேருக்கும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி ஏற்றிவிட்டு வாசலில் நின்று கையாட்டுவார். காரணம் ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் இருக்கும். மாமியார் படுக்கையில் கிடந்தார், அவரைப் பார்க்க ஆள் வேண்டும். மாமியார் போனபிறகு, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டும். மாடு மட்டும் ஒழியாமல், ஒன்று போனால் ஒன்று என்று கன்று போட்டுக்கொண்டே இருந்தது. அவர் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், வாக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனமே காட்டமாட்டார். "அடுத்த லீவுல நீதான் முன் சீட்டு" என்பார். எத்தனையோ லீவு வந்து போனது. ஓர் ஆவணி மாதம் லீவு இல்லாமலேயே அவர் பெட்டிக்குள் வந்து சேர்ந்தார். மாரடைப்பு என்று கூட வந்த பேப்பரில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தலைத்தெவசம், அதாவது முதல் வருஷத் திதி, முடிகிறவரைக்கும் யாரும் மலைக்கோயில் ஏறக்கூடாது. நான் அந்த வழக்கத்தைக் கேலி செய்ய வரவில்லை. துக்கம் இருக்கிற வீடு கொஞ்சம் அடங்கி இருக்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் எங்கள் மாமனார் செத்த வருஷமே சின்ன மாமா பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போய்வந்தார். கேட்டதற்கு, "விஞ்சுல போனா அது ஏறுனதாகாது" என்றார். உட்கார்ந்துகொண்டே மேலே போய்விட்டோமாம், கால் ஏறவில்லையாம். அந்த வியாக்கியானத்தை ஊரே ஒப்புக்கொண்டது. பெண்பிள்ளை இப்படி ஒரு வியாக்கியானம் சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் போன அடுத்த தை மாதம் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். இலுப்பூர் கார்க்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டிருந்தார். ஒரே நாளில் கோயில், பூங்கா, அருவி. உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனிக் கார். காலையில் கிளம்பினால் விராலிமலை, அங்கிருந்து முக்கொம்பு, அங்கிருந்து கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை, இருட்டுவதற்குள் வீடு. நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா கோலமாவு டப்பாவைத் துடைத்தபடியே, "ஆள் எத்தனைன்னு கேக்குறாரு. ஒண்ணுன்னு சொல்லவா, ரெண்டுன்னு சொல்லவா?" என்றார். அவ்வளவுதான். நான் "ரெண்டு" என்றேன். ராத்திரி சிங்கப்பூரிலிருந்து பேசிய என் வீட்டுக்காரர், "நான் தூங்கிட்டேன், நீ சொன்னது எதுவும் என் காதுல விழுகல" என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் சுபாவத்துக்கு அது பெரிய துணிச்சல்தான்.

ஊரில் எதுவும் மறையாது. மறுநாளே சின்ன மாமா வந்து முற்றத்தில் நின்றார், உட்காரவில்லை. "வருசம் திரும்பல. அதுக்குள்ள மலை ஏறுனா பங்காளி வீடு அம்புட்டுக்கும் ஆகாது. மீறிப் போனேன்னு வையி, தலைத்தெவசத்துக்கு ஒருத்தன் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டான். எள்ளும் தண்ணியும் எறைக்க ஒனக்கு ஆம்பளப் பிள்ளை இருக்கா? யோசிச்சுக்க" என்றார். அக்காவுக்கு ஒரே மகள், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது, என் மகனோ சின்னப் பையன்; மற்ற பங்காளிகள் வந்து நின்றால்தான் திதி நடக்கும். அந்த ஒரு சொல்லால் அக்காவை உட்கார வைத்துவிடலாம் என்று மாமா நினைத்தார். புருஷனுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடனை வைத்து மிரட்டுகிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா கொட்டிலைப் பார்த்து நடந்தார். மாட்டை அவிழ்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து மாமாவின் கையில் கொடுத்தார். "நாளைக்கு நான் இல்ல மாமா. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேணும்ல? இத்தன வருசமா இதுதான நம்ம வீட்டு வழக்கம். இந்தத் தடவ ஒங்க முறை." மாமா கயிறும் கையுமாக நின்றது இன்றைக்கும் என் கண்ணிலேயே இருக்கிறது. மாடு அவர் துண்டை முகர்ந்து பார்த்தது.

கார் வந்தபோது அக்கா பளிச்சென்று பச்சைச் சேலையில் நின்றார், கையில் ஒரு மாற்றுச் சேலைப் பை, வேறொன்றும் இல்லை. சோறு கட்டவில்லையா என்று நான் கேட்டதற்கு, "அடுப்புப் பத்த வைக்காமக் கெளம்புனாத்தான்டி அது டூரு" என்றார். டிரைவர் மரியாதையாகப் பின்கதவைத் திறந்தார். "பின்னாடி உக்காருங்கம்மா, ஏசி நல்லா வரும்." அக்கா முன்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட் எதில் மாட்டுவது என்று அவரிடமே கேட்டார். சின்ன மாமா வீட்டைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கச் சொன்னார். வாசலில் எங்கள் மாடு கட்டிக் கிடந்தது. சின்ன அத்தை, மாமாவின் மனைவி, கையில் தண்ணீர் வாளியோடு நின்று எங்களையே பார்த்தார். அக்கா கையாட்டினார். வேனுக்குக் கையாட்டியே பழகிய கை, இப்போது காருக்குள்ளிருந்து ஆடியது.

விராலிமலையில் அக்கா எங்கும் நிற்காமல் படி ஏறினார். நடுவில் ஒரு மயில் குறுக்கே வந்து நின்றது. "விஞ்சு இல்ல மயிலு, நடந்தேதான் ஏறுறேன், போய் எங்க மாமாகிட்டச் சொல்லு" என்று அதனிடம் சொன்னார். சந்நிதியில் அர்ச்சகர் யார் பெயருக்கு என்று கேட்டதும் வழக்கம்போல வீட்டுக்காரர் பெயர் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தன் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டார்கள். அக்கா யோசித்தார். புருஷன் நட்சத்திரம், மகள் நட்சத்திரம், மருமகன் நட்சத்திரம், ஏன், என் பிள்ளைகள் நட்சத்திரம்வரை ஒப்பிக்கிறவருக்குத் தன்னுடையது மறந்துபோயிருந்தது. "பேருக்கு மட்டும் பண்ணுங்க சாமி. மத்தத அவருக்குத் தெரியும்" என்று முருகனைக் கையால் காட்டினார்.

முக்கொம்பில் மரநிழலில் புல்தரைமேல் காலை நீட்டி உட்கார்ந்தோம். காவிரிக் காற்று. அக்கா புல்லைத் தடவிப் பார்த்து, "இம்புட்டுப் புல்லு சும்மா கெடக்குதே, ஒரு கட்டு அறுத்தா ரெண்டு நாளைக்கு ஆகும்" என்றார். சொன்னவர் உடனே தலையில் அடித்துக்கொண்டார். "எழவு, இங்கிட்டும் மாடு வந்துருச்சு பாரு!" அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன. மதியம் ஓட்டலில் நெய் ரோஸ்ட் சொல்லி, இலையில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இன்னொரு சாம்பார் கேட்டு வாங்கினார், கேட்டதும் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்பதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

புளியஞ்சோலையில் பாறைகளைப் பிடித்துப் பிடித்து ஏறி அருவிக்குப் போனோம். பெரிய அருவி இல்லை, குற்றாலம் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போனார். தண்ணீர் இரைச்சலில் அவர் கத்தியது துண்டு துண்டாக எனக்குக் கேட்டது. "அடுத்த லீவு, அடுத்த லீவுன்னீங்கள்ல! பாருங்க, வந்துட்டேன்! முன் சீட்டுலதான் வந்தேன்!" கோபமா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். செத்த புருஷன்மேல் கோபப்பட எந்தத் தெவசத்திலும் நேரம் ஒதுக்குவதில்லை, அக்காவுக்கு அந்த அருவிதான் கிடைத்தது. உதடு நீலமாகிற வரைக்கும் அவர் வெளியே வரவில்லை.

தலை துவட்டும்போது இரண்டு கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். "இனிக்குதுடி" என்றார். பிறகு, "அவங்க கொண்டாந்து குடுத்தாங்களே, அது உப்புக் கரிக்கும். அருவித் தண்ணி எங்கயாச்சும் உப்புக் கரிக்குமா?" என்றார். நான் விழித்தேன். "ஒவ்வொரு தடவையும் அருவியில புடிக்க மறந்துட்டு, வார வழியில பெட்ரோல் பங்க் கொழாயில மாமா புடிப்பாராம். ஒன் மகன்தான் எப்பவோ ஒளறிட்டான்." நான் வேனின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துமா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள் என்றேன். "ஒரு தடவையாச்சும் மறக்காமப் புடிப்பாகளான்னு பாத்தேன்" என்றார் அக்கா. காரிலிருந்து இறங்கும்போதே டிரைவரிடம் வாங்கிப் பையில் வைத்திருந்த காலிப் பாட்டிலை எடுத்து, விழுகிற தண்ணீருக்கு நேராகப் பிடித்து, கழுத்துவரைக்கும் நிரப்பினார்.

இருட்டுகிற நேரம் கார் சின்ன மாமா வாசலில் நின்றது. அக்கா ஈரத்தலையோடு இறங்கி மாட்டை அவிழ்த்தார். பாட்டிலை மாமாவின் கையில் வைத்தார். "ஒங்களுக்குன்னு கொண்டாந்தேன் மாமா. தலையில தெளிச்சுக்கங்க, நீங்களும் வந்த மாதிரிதான். இது பங்க் தண்ணி இல்ல." மாமா பாட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சின்ன அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் மாட்டோடு நடந்தோம்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தலைத்தெவசத்துக்குப் பங்காளி ஆம்பளை ஒருவர்கூட வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் உட்கார்ந்து தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாள். ஐயர் முதலில் தயங்கினார், அப்புறம் மந்திரம் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் மட்டும் ஒவ்வொருவராகக் கொல்லைப்புறம் வழியாக வந்து சேர்ந்தார்கள். சின்ன அத்தை உட்கார்ந்து வாழைக்காய் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் இலை போடும்போதே, "அடுத்து எப்பக்கா வண்டி சொல்றீங்க?" என்று காதைக் கடித்தார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் தை மாதம் நாங்கள் பெண்கள் மட்டும் வேன் பேசிக்கொண்டு போகிறோம். யாரும் சோறு கட்டுவதில்லை. முன் சீட்டு முறை வைத்து மாறும். சின்ன அத்தை மட்டும் வந்ததில்லை, வாசலில் நின்று கையாட்டுவார்.

அக்கா இப்போது முழங்கால் வலியோடு மகள் வீட்டில் இருக்கிறார். சின்ன மாமா போன ஐப்பசியில் தவறிப்போனார். வருஷம் இன்னும் திரும்பவில்லை. சென்ற வாரம் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது சின்ன அத்தை வந்து நின்றார். கையில் அந்தப் பாட்டில். மாமா அதைத் திறக்கவும் இல்லையாம், கொட்டவும் இல்லையாம். அலமாரியில் துணிக்குப் பின்னால் இத்தனை வருஷமும் வைத்திருந்தாராம். "தண்ணிய நேத்துத்தான் முருங்கைக்கு ஊத்துனேன்" என்றார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் யார் கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகவே சொன்னார். "இந்தத் தை மாசம் நானும் வாரேன். மலையும் ஏறுவேன். முன் சீட்டு எனக்கு."

அப்போதே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "குடுத்துரு. முறையெல்லாம் பாக்காத" என்றார். பிறகு, "அந்தப் பாட்டில நல்லாக் கழுவி எடுத்துட்டு வரச் சொல்லு. இந்தத் தடவ அவுகளே புடிக்கட்டும்" என்றார்.