வாலிலிருந்து வாசிப்பவள்

"எங்கடா ராசா ஒளிஞ்சிருக்க?" என்று பிழை தேடும்போதெல்லாம் கணினியைக் கொஞ்சிக்கொண்டே பெருவிரல் நகத்தைக் கடிப்பாள் கலாராணி. கோபம் வந்தால் அதே கணினி 'மூதேவி' ஆகிவிடும். போன சனிக்கிழமை காலையிலிருந்தே அது மூதேவிதான்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் கண்டியில் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதினாள். பிள்ளைகள் பிறந்ததும் வேலை போனது. விரல்களின் துறுதுறுப்புப் போகவில்லை. எதையும் வாலிலிருந்து வாசிப்பது அவள் பழக்கம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றால் போதும், கடைப் பலகைகளைப் பின்னாலிருந்து வாசித்து, "இதுவும் அதுவும் ஒரே வாலு" என்று முணுமுணுப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

ஒரு கம்பனி இணையத்தில் வைத்த அன்றைய வேலைப் பரீட்சையின் கேள்வியும் அவளுக்கென்றே வந்த மாதிரிதான் இருந்தது. ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் கொடுத்தால், எந்தெந்த வரிகள் ஒரே ஓசையில் முடிகின்றன என்று புரோகிராம் சொல்ல வேண்டும். வரியின் கடைசியிலிருந்து எண்ணி, இரண்டாவது உயிரெழுத்தில் வெட்டு. வெட்டிய வால்கள் ஒன்றாக இருந்தால் ஜோடி. எழுதி அனுப்பினாள். பிழை என்று சிவப்பில் வந்தது. திருத்தி அனுப்பினாள், மறுபடியும் சிவப்பு. இனி ஒரே ஒரு தடவைதான் அனுப்பலாம். தேறினால் கண்டியில் வேலை. முந்தின கம்பனிகள் கைவிரித்தபோதே புருஷன் திலீபன், "இதோட விட்டுரு புள்ள, ஏன் மனச நோகடிச்சிக்கிற?" என்றிருந்தான். பாசத்தில் சொன்னதுதான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வர வேண்டும்! கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கதவடியில் நின்று பொரிந்து தள்ளினாள்.

"போன வாரம் நடந்த கல்யாணத்துக்கு நானும் போகல, மேல் வீட்டு அழகமுத்துவும் போகல. அதுக்கு, நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சியாம்! அவன் சண்ட போட்டதால போகல. நான் காய்ச்சல்ல கெடந்தேன். ரெண்டு பேரும் வரலன்னா ஒண்ணாயிருவோமா, சொல்லு?"

"அக்கா, சும்மா இருங்க, பரீட்ச..." என்று வாயெடுத்த கலாராணி, பேச்சைப் பாதியில் விட்டுக் கணினித் திரைப் பக்கம் திரும்பினாள்.

உயிரெழுத்துப் போதாத குட்டை வரிகள்! வெட்ட வால் கிடைக்காதபோது அவளுடைய புரோகிராம் வெறுமையை எடுத்துவைத்திருந்தது. அப்படி இரண்டு வரிகள் வந்தால், வெறுமையும் வெறுமையும் ஒன்றுதானே என்று ஜோடி சேர்த்துவிட்டது. அந்த மாதிரி வரி எதோடும் சேராது என்று கேள்வியிலேயே போட்டிருக்கிறது. ஐயோ, கண்ணைத் திறந்துகொண்டுதானே வாசித்தாள்!

புரோகிராமில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினாள். பச்சை. தேறிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதாள்.

"என்னடி ஆச்சு? நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?" என்று பாப்பம்மா பதறினாள்.

கலாராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. அந்தக் கல்யாணக் கதைய மொதல்லேருந்து சொல்லுங்க" என்றபடி, தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.