பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய கடைசி மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தது எங்கள் குடும்பம். அப்பா, அம்மா, தம்பி, நான். நாலு பேரும் சேர்ந்துதான் செய்தோம். யோசனை என்னுடையது.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஸ்கூடாயில், எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவர்களும் தமிழர்கள்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லாரி டிரைவர், அவர் மனைவி, வேலைக்குப் போகும் மகன். பக்கத்தில் நம்ம ஆளுங்க வந்துட்டாங்க என்று அம்மாவுக்கு முதலில் கொள்ளை சந்தோஷம். அது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. டிரைவர் தன் காரை எங்கள் கேட்டை மறித்து நிறுத்துவார். அம்மா துணி காயப்போட்ட பிறகு பார்த்துச் சருகைக் கொளுத்துவார். கேட்கப் போன அப்பாவிடம், "ரோடு என்ன, உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்றார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்த நாட்களில் டிவியில் ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம், அவர்களைப் படுத்தி எடுக்கும் அண்டைவீட்டார். வாராவாரம் அந்தக் குடும்பம் ஒரு தந்திரம் செய்து ஜெயிக்கும். அரைமணி நேரத்தில் எல்லாம் சுபம். ஒரு வாரம் பாட்டுப் போட்டே பக்கத்து வீட்டுக்காரனை ஓட ஓட விரட்டினார்கள்.

"நாமளும் போடலாம்பா," என்றேன் நான். "சாமி பாட்டு போட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது."

மறுநாளே தம்பியின் ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி, அவர்கள் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தோம். அப்பா காலை ஐந்து மணிக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது அவரே பட்டனை அமுக்கிவிட்டு பைக்கை எடுப்பார். முருகன் பாட்டு ஏழு மணிவரை முழங்கும். விளக்கேற்றுகிற நேரம்தானே என்று அம்மா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். நான்காம் நாள் அந்தக் கார் எங்கள் கேட்டை விட்டு நகர்ந்தது, புகையும் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தோம். ஜெயித்த பிறகும் பாட்டை நிறுத்தவில்லை. எங்கள் புத்தி அப்படி.

கார் நகர்ந்தது, அதை ஓட்டியவர் படுக்கையில் விழுந்ததால். வயிற்றில் புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள். இரவெல்லாம் வலியில் துடித்து, விடிகிற நேரத்தில்தான் அவருக்குக் கண் அசருமாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போதே தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டாவது வாரம், தொடர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி எங்கள் கேட்டருகே வந்து நின்றார். தம்பி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "மா, வந்துட்டாங்க லா! சரண்டர்!" என்று கத்தினான். அம்மா எழுந்தார்.

"உக்காரு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்," என்றார் அப்பா.

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். விளம்பரம் வந்ததும் எட்டிப் பார்த்தால், ஆளைக் காணோம். அதற்கும் சிரித்தோம்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் பந்தல் போடுவதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. சாவு வீட்டுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை, போனோம். அம்மா கட்டிப்பிடித்து அழக் கையை நீட்டினார். அந்த ஆண்ட்டி தன் கையைத் தூக்கவே இல்லை.

"ரெண்டு மணி நேரமாச்சும் அவர் தூங்கட்டும்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன்," என்றார். "நீங்க எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தாமானில் யார் இறந்தாலும், உடலை எடுக்கும் முன் தேவாரம் பாட அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் நின்று கைகூப்பி, தொண்டையைச் செருமினார். மகன் வந்து அவர் தோளில் கை வைத்தான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"வேணாம் அங்கிள். அப்பா நெறைய கேட்டுட்டாரு."