லிஃப்ட் அக்கா ஓடிப்போன கப்பல்

லிஃப்ட் அக்கா ஒரு கப்பல் கேப்டனோடு ஓடிப்போய்விட்டாள் என்பதுதான் முதலில் கிளம்பிய செய்தி. அந்த வயதிலா என்று கேட்டவர்களுக்கு, அந்த வயதில்தான் என்று பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். கேப்டனுக்கு வெள்ளை மீசை, ஏற்கெனவே இரண்டு ஊரில் இரண்டு குடும்பம், தம்பிக்காரன் கார் எடுத்துக்கொண்டு துரத்திப் போய்ப் படகுத்துறையில் வைத்துத் தரதரவென்று இழுத்து வந்தான் என்று சலூனில் ஒரு பதிப்பு ஓடியது. மருந்துக்கடைப் பதிப்பு இன்னும் கொஞ்சம் ஈரம். அதில் அக்கா ஆற்றில் குதித்தாள், கேப்டன் பின்னாலேயே குதித்தார், மீசை நனைந்தது. போதாக்குறைக்கு ஒரு போட்டோவும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. அதில் கேப்டனுடைய தொப்பி அக்காவின் தலையில் இருந்தது.

போட்டோ நிஜம். மீசையும் நிஜம். மிச்சத்தை நடந்தது நடந்தபடி சொன்னால்தான் சரிப்படும்.

அக்கா வேலை பார்த்தது ஒரு பெரிய துணிக்கடையின் லிஃப்டில். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா படுத்த படுக்கை, தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயது. முதலாளி வேறெதுவும் கேட்கவில்லை. "நிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். நின்றாள். தலை நரைக்கிற வரைக்கும் நின்றாள். மூலையில் ஒரு முக்காலி இருக்கத்தான் செய்தது; ஆனால் அதில் எப்போதும் யாருடைய பையாவது உட்கார்ந்திருக்கும். கதவு திறந்தால் ஜனம், மூடினால் தகரம். மூன்றாவது மாடி சின்னப் பிள்ளைகள் உடுப்பு, நான்காவது படுக்கை விரிப்பு, ஐந்தாவது திரைச்சீலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அந்தப் பெட்டிக்குள் அவள் கேட்காத கதை கிடையாது. லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கும் காது உண்டு என்று ஜனங்களுக்குத் தோன்றாது. தரைத்தளத்தில் ஆரம்பிக்கிற மாமியார் மருமகள் சண்டை இரண்டாவது மாடியில் உச்சத்துக்குப் போய், நான்காவதில் விரிப்பின் விலையைக் கேட்டதும் இருவரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள். அக்கா முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துவாள்.

அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான். அக்காவையும் ஒருத்தர் வந்து பார்த்தார். தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். அந்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கடைசியில் கடைக்காரர்கள் தானாகவே ஓடுகிற லிஃப்டை மாட்டிவிட்டு, அக்காவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பிக்குப் பரம திருப்தி. "இனிமே வீட்டுல நிம்மதியா இரு அக்கா" என்றான். அந்த நிம்மதிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். சிலிண்டர்காரனுக்குக் கதவு திறப்பது, கூரியருக்குக் கையெழுத்து, குழாய் ரிப்பேர்காரன் வருவேன் என்று சொன்ன நாளெல்லாம் அவனுக்காகக் காத்திருப்பது. மறுபடியும் ஒரு கதவு, ஒரு பெட்டி. மேலே கீழே போகிற வசதிகூட இல்லாத பெட்டி.

அவள் மனசில் வேறொன்று இருந்தது. லிஃப்டின் சுவரில் ஒரு சுற்றுலாக் கம்பெனி விளம்பரத்தை ஒட்டி ரொம்ப காலம் விட்டிருந்தார்கள். வெள்ளைக் கப்பல், பழுப்பு ஆறு, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல். அந்தக் கடல் ஓரத்தை யாரோ கீறி எடுத்துவிட்டார்கள். அதனாலேயே அவளுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

சாப்பிடும்போது சொன்னாள். "நான் கப்பல்ல போறேன்."

"எந்தக் கப்பல்ல?" என்றான் தம்பி.

"ஆத்துக் கப்பல். மேல இருந்து கடல் வரைக்கும் போகுது."

"யாரோட?"

"கப்பலோட."

தம்பி சாப்பாட்டை நிறுத்தினான். "அக்கா, நீ பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலே எந்தப் பக்கம் போறதுன்னு நின்னு யோசிப்ப. தனியா போய்த் தொலைஞ்சு போனேன்னா யாரு தேடுறது?"

"தேடாத."

"நான் பேச்சுக்குச் சொல்லல."

"நானும்தான். தொலைஞ்சு போனா அதோட சரி, அப்புறம் வாசப்படி தாண்ட மாட்டேன். சிலிண்டர்காரன் வந்தாலும் நான், கூரியர்காரன் வந்தாலும் நான். கண்ண மூடுற வரைக்கும் உன் வீட்டுக் காவல். போதுமா?"

தம்பி சாட்சிக்குப் பெண்டாட்டியைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தன்னுடைய நல்ல ஸ்வெட்டரை அக்காவின் பைக்குள் சத்தமில்லாமல் வைத்ததும் அவள்தான்.

கப்பலில் முதல் இரண்டு நாளும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓர் ஓய்வுபெற்ற நர்ஸோடு அறை. அந்த அம்மா விட்ட குறட்டையில் கண்ணாடி தம்ளர் நகர்ந்தது. குளியலறையில் எந்தக் குழாயைத் திருப்பினாலும் தண்ணீர் தலையில்தான் கொட்டியது. அதெல்லாம் போகட்டும். மேல்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரத்தான். அவள் உட்கார்ந்தாள், கரை நகர்ந்தது. துணி துவைக்கிற பெண்கள் வந்தார்கள், மாடுகள் வந்தன, சைக்கிளில் போன ஒருத்தர் கை காட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். அவள் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை, எல்லாம் தானாக வந்து முகம் காட்டிவிட்டுப் போனது. கப்பலிலும் ஒரு லிஃப்ட் இருந்தது. முட்டி கெஞ்சியும் அதன் பக்கம் போகாமல் படியிலேயே ஏறி இறங்கினாள்.

இரண்டாம் நாள் ஓர் அணை வந்தது. அணையைக் கப்பல் தாண்டுவதற்குப் பக்கத்திலேயே பெரிய சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். கப்பல் உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடித்தார்கள். கப்பல் மெல்லக் கீழே இறங்கியது. முன்கதவைத் திறந்தால் தாழ்வான ஆறு.

"இதுவும் லிஃப்ட்டா" என்றாள் அக்கா. "இதுக்கா நான் டிக்கெட் எடுத்தேன்."

கயிறு பிடித்திருந்த மாலுமி சிரித்து, மேலே கண்ணாடி அறையைக் காட்டினார். அதற்குள் ஒருத்தர் இருந்து இயக்குகிறாராம். அக்கா அண்ணாந்து பார்த்தாள். "உக்காந்துல்ல வேல பாக்குறாரு. குடுத்து வெச்சவரு" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு ஊரில் கப்பல் நின்றது. படகுத்துறையில் இடம் போதாததால் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அக்காவின் கப்பல் மூன்றாவது. கரைக்குப் போகவேண்டுமானால் மற்ற இரண்டு கப்பலுக்குள்ளும் நுழைந்துதான் போகவேண்டும். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே கம்பளம், மேசை மேல் ஒரே பிளாஸ்டிக் பூ. கைபேசியை அறையில் சார்ஜில் போட்டுவிட்டு அக்கா ஊர் பார்க்கப் போனாள்.

அவள் கடைத்தெருவில் செருப்பு விலை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கரையை ஒட்டி நின்ற முதல் கப்பல் கிளம்பிவிட்டது. மற்ற இரண்டும் கரைப்பக்கம் ஒதுங்கின. வெளிப்பக்கம் புதிதாக ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அக்காவின் கப்பல் இப்போது இரண்டாவது. காலமெல்லாம் லிஃப்டில் நின்றவளுக்கு இது எப்படித் தோன்றும்? மூன்றாவது மாடி என்றைக்காவது இரண்டாவதுக்கு இறங்கியிருக்கிறதா? அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி நுழைந்தாள். வாசலில் நின்றவர் யாருடைய சக்கர நாற்காலியையோ தூக்கிக்கொண்டிருந்தார், அவளைக் கவனிக்கவில்லை. முன்கூடத்தில் அவளுடைய கப்பலில் இருந்த அதே மாதிரி நாற்காலி. கால் வேறு வீங்கியிருந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

அவளை எழுப்பியது உள்ளங்கால். கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. மேலே போகிறோம்.

திறந்தாள். சன்னலுக்கு வெளியே ஈரச் சுவர் மெல்லக் கீழே சரிந்துகொண்டிருந்தது. அதே தொட்டி. கடலுக்குப் போகிற கப்பல் எதற்கு மேலே ஏறுகிறது?

"தம்பி, இந்தக் கப்பல் எங்க போகுது?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டாள்.

"மலைப்பக்கம்மா. கடல்லேர்ந்து வர்றோம்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கடல் போச்சே என்றுகூட முதலில் தோன்றவில்லை. வாசப்படி தாண்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததுதான் தோன்றியது. தம்பியின் கதவு, சிலிண்டர்காரன், சுவர்க்கடிகாரம்.

அதற்குள் கேப்டன் வந்துவிட்டார். குள்ளமான மனிதர், மீசைக்குத்தான் பெரிய ஆகிருதி. "என்னம்மா, நீங்க எங்க கணக்குலயே இல்லையாமே" என்றார்.

"உங்க கப்பல் என் கப்பல் இடத்துல நின்னா நான் என்ன பண்றது?"

கேப்டன் யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அவளுடைய கப்பல்காரர்கள் ஏற்கெனவே தேடி அலுத்து, அக்காவைக் காணவில்லை என்று தம்பிக்குப் போன் போட்டிருந்தார்கள். தம்பி காரை எடுத்துக் கிளம்பியும் விட்டான். கேப்டன் அவனைப் போனில் பிடித்து, சாயங்காலத்துக்குள் அடுத்த துறையில் இறக்கிவிடுகிறோம் என்றார். அவன் நம்பவில்லை. ஆள் பத்திரமாக இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றான். கேப்டன் அக்காவைச் சுக்கான் அறைக்குக் கூட்டிப்போய், தேநீர் கொடுத்து, பயந்திருப்பாளே என்று தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார். அது கண் வரை இறங்கியது. அக்கா சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து எடுத்த போட்டோதான் தம்பிக்குப் போனது. தம்பி பெண்டாட்டிக்கு அனுப்பினான். அவள் பக்கத்து வீட்டுக்கு மட்டும் காட்டினாள். அதற்குப் பிறகு சலூனுக்கு எப்படிப் போனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

துறையில் தம்பி காரில் சாய்ந்து நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று அவனே முடிவு செய்யவில்லை.

"ஆத்துல போயிட்டியோன்னு நினைச்சேன்" என்றான். "வண்டில ஏறு. வீட்டுக்குப் போலாம். சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"தொலைஞ்சியா இல்லியா?"

"தொலைஞ்சேன்" என்றாள் அக்கா. "நல்லாவே தொலைஞ்சேன். தொலைஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. டீ குடுத்தாங்க."

"அப்ப சொன்னது?"

"அப்ப சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன். நீ பெயிலானப்ப இனிமே உன்னத் தெருவுல இறக்க மாட்டேன்னு சொன்னேன். சாயங்காலம் பந்தோட நின்னியே, கதவத் திறந்து விட்டது யாரு?"

தம்பி கார்க் கதவைத் திறந்தான். அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என் கப்பல் இருட்டுறதுக்குள்ள கீழத் துறைக்கு வருதாம். கேப்டன் கேட்டுச் சொல்லிட்டாரு. வண்டிய அங்க விடு."

"அக்கா, இன்னிக்குப் பூரா வண்டி ஓட்டிட்டேன். முதுகு போச்சு."

"உக்காந்துதானே ஓட்டுற" என்றாள் அக்கா.

அவன் வண்டியைக் கிளப்பினான். பாதி வழி போனபிறகு, கோபம் இறங்கின குரலில், "அந்தக் கடல்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டான்.

"தெரிஞ்சா நான் ஏன் போறேன்? எனக்குத் தெரிஞ்ச எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அதுக்கு இல்லங்கிறாங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்."

கீழத் துறையிலும் கப்பல்கள் ஒட்டிக்கொண்டுதான் நின்றன. இந்த முறை அக்கா எண்ணவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இது எந்தக் கப்பல் என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே போனாள். தம்பி பின்னால் அவள் வாங்கின புதுச் செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நர்ஸம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். தம்பி அறையை நோட்டம் விட்டான், குழாயைத் திருப்பிப் பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டான், வர்றேன் அக்கா என்று கிளம்பினான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முன்கூடத்துக்கு வந்தால், பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கதவையும் இந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரைக்கு எந்தப் பக்கம்?" என்று மெல்லக் கேட்டான்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கரைக்குப் போகிற பலகையில் இறக்கிவிட்டாள். பேசியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடலை அவள் பார்த்தாள். ஆறு அகண்டு அகண்டு, இரண்டு கரையும் ஒதுங்கிப்போய், கடைசியில் ஒரு பக்கமும் சுவர் இல்லாமல் ஆனது. அக்கா ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இதற்கு நிற்கலாம் என்று பட்டது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் முட்டிவலித் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் புட்டியை எடுக்காமல், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "கேப்டன் சௌக்கியமா அக்கா?" என்றார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் எதையோ படிக்கிற மாதிரி மாத்திரை அட்டைகளைப் பார்த்தார்கள்.

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"கேளு, அப்புறம் சரியாச் சொல்லு. அந்தக் கேப்டன் என் தோளுக்குக் கூட வரமாட்டாரு. அவரோட ஓடுறதுன்னா நான்தான் தூக்கிட்டு ஓடணும். ஆத்துல நான் குதிக்கல, எனக்கு நீச்சல் தெரியாது. தப்பான கப்பல்ல ஏறி வாயத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டேன். என் தம்பி என்னை இழுத்துட்டும் வரல, நான்தான் அவன இழுத்துட்டுப் போனேன். கடலப் பாத்தேன். திரும்பவும் போவேன். இப்பத் தைலத்த எடு, பெரிய புட்டியா."